முடியாமல் போன காலாண்டு லீவு

1

இதை எழுத உட்கார்ந்து மூன்று நாள் ஆகிறது. பேனாவை எடுக்கிறேன், எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டு வருகிறேன், மறுபடி உட்காருகிறேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதுவதும் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. படிக்கப் போகிறவர்கள் எல்லாரும் எதிரே வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பது போல் ஒரு கூச்சம். ஆனாலும் போடிநாயக்கனூரிலோ தேவாரத்திலோ இருக்கிற யாராவது ஒருத்தி படித்தால், நான் ஏன் இப்படித் தவிக்கிறேன் என்பது அவளுக்குப் புரியும். அதனால் எழுதுகிறேன்.

இங்கே மெல்பர்னில் பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு வாரம் லீவு விட்டிருக்கிறார்கள். பேத்தி நிலாவுக்கு லீவு. எனக்கும் லீவு. இந்த வயதில் எனக்கு என்ன பள்ளிக்கூடம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஒரு நூலகம். அதை ஒட்டிய கூடத்தில், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறார்கள். செவ்வாய், வியாழன், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. பிப்ரவரியிலிருந்து போகிறேன். ஒரு பக்கம் வியட்நாம்கார அம்மா ஒருத்தி, இன்னொரு பக்கம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த பெரியவர். மூன்று பேரும் சேர்ந்து ஒரு வாக்கியத்தைத் தூக்கி நிறுத்துவதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

போன வியாழக்கிழமை டீச்சர் சொன்னார்: இரண்டு வாரம் வகுப்பு கிடையாது, வீட்டுப்பாடமும் கிடையாது, நன்றாக ஓய்வெடுங்கள், சிரிப்புப் படம் பாருங்கள், பாட்டுக் கேளுங்கள். எல்லாரும் கை தட்டினார்கள். ஆப்கானிஸ்தான் பெரியவர் எழுந்து நின்று தட்டினார். நான் மட்டும் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்தால் நிலா சோபாவில் படுத்துக்கொண்டு கையில் திரையை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு வாரத்துக்கும் அவளுக்கு அதுதான் வேலை. "அம்மாச்சி, வா, இதப் பாரு, ரொம்ப ஃபன்னி" என்று கூப்பிடுகிறாள். பக்கத்தில் போய் உட்காருகிறேன். ஒருவன் வழுக்கி விழுகிறான். அவள் சிரிக்கிறாள். நான் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரைப் பார்க்கிறேன்.

2

அந்த வகுப்பில் சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். என் மகள் வாணிதான் நிரப்பினாள். எத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போனீர்கள் என்று ஒரு கட்டம். அதில் நாலு என்று போட்டாள்.

"அஞ்சாப்பு காலாண்டு வரைக்கும் போனேன்ல" என்றேன்.

"காலாண்டுக்கெல்லாம் கட்டம் இல்லம்மா. முழு வருஷம்தான் போட முடியும்."

"பரீட்சை எழுதியிருக்கேன். கணக்குல நாப்பத்தேழு."

"நாலுன்னே இருக்கட்டும். யாரும் வந்து பாக்கப் போறதில்ல."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நாங்கள் சண்டை போடுகிறோமோ என்று பார்த்தாள். அவளைப் பார்த்துச் சிரித்து வைத்தேன். இங்கே எனக்குத் தெரியாத எல்லாவற்றுக்கும் சிரிப்புத்தான் பதில். முன்னெல்லாம் பஸ் டிரைவர் என்னவோ கேட்பார், நான் சிரித்துக்கொண்டே பாஸை எடுத்துக் காட்டுவேன். அவர் நலம் விசாரித்திருக்கிறார் என்று வகுப்பில் இரண்டாவது வாரம்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு பதில் சொல்கிறேன். அவரும் ஒரு நாள் திகைத்துப் போய்விட்டார்.

லீவு விட்ட மூன்றாம் நாள், பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தக் கூடம் வரைக்கும் நடந்தேன். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். எழுத்தெல்லாம் தெரிகிறது, கூட்டிப் படிக்கத்தான் நேரமாகிறது. பையில் இருந்த ரசீதின் பின்பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து நிலாவிடம் காட்டினேன்.

"ஹாலிடேஸ் முடிஞ்சதும் தொறக்கும்னு போட்டிருக்கு அம்மாச்சி. அவ்வளவுதான்."

"கட்டாயம் தொறப்பாகளா?"

"ஏன் தொறக்க மாட்டாங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடி திரைக்குள் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. லீவு என்றால் முடியும். எனக்கு முடியாமல் போன லீவு ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

3

ஐம்பதுகளில் ஒரு புரட்டாசி. அஞ்சாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தேன். போடியில் அது ஏலக்காய் காலம். போடிமெட்டிலிருந்து லாரியிலும் குரங்கணிப் பக்கமிருந்து பொதி கழுதையிலும் மூட்டை இறங்கிக்கொண்டே இருக்கும். அப்பா மேலே, எல்லைக்கு அந்தப் பக்க மலையில், தோட்டத்தில் காய் வாட்டுகிற வேலையில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை இறங்கி வருவார். வந்தால் பாதிப் பேச்சு மலையாளமாக இருக்கும். அம்மா ஊருக்குள் ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது கிடங்கில், காய் பொறுக்கப் போவாள். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள்.

அந்த லீவில் ஊர்க்கோடி டூரிங் கொட்டகையில் ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள். என் தாய்மாமன் அங்கே டிக்கெட் கிழிக்கிற வேலையில் இருந்தார். சாயங்காலம் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட ஆரம்பித்தால் எங்கள் தெருவுக்கு நன்றாகக் கேட்கும். முதலில் சாமிப் பாட்டு, அப்புறம் இரண்டு காதல் பாட்டு, கடைசியாக ஒரு நாதசுர ரிக்கார்டு. நாதசுரம் வந்தால் படம் போடப் போகிறார்கள் என்று அர்த்தம். நான் காதல் பாட்டிலேயே கிளம்பிவிடுவேன்.

"மாமா, இன்னைக்கும் அதே படமா?" என்று கேட்பேன். தெரிந்துகொண்டேதான் கேட்பேன்.

"அதே படந்தான். செல்லத்தாயி வந்து ஒக்காந்தாதான் மிசினு ஓடும்னு மொதலாளி சொல்லிப்புட்டாரு. வெரசா உள்ள போ."

பெண்கள் பக்கம் மணலில், மூங்கில் தடுப்பை ஒட்டி உட்காருவேன். ஒரே மிசின் என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. அந்த இடைவேளைகளில் எல்லாரும் முறுக்கு வாங்கப் போவார்கள். நான் எழுந்திருக்காமல், அடுத்து வரப்போகிற பேச்சை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். கதை இப்போது எனக்கு ஞாபகமில்லை. அழுகை, பிரிவு, கோர்ட்டு எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு புருஷன் பெண்சாதி வருவார்கள். எருமை வாங்கிவரச் சந்தைக்குப் போன புருஷன் ஆர்மோனியப் பெட்டியோடு திரும்பி வருவான். அதிலிருந்து பிடிக்கிற சண்டை. கொட்டகையே சிரிக்கும். நான் பாவாடை நுனியை வாயில் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரிப்பேன். பெண்பிள்ளை சத்தமாகச் சிரித்தால் திரும்பிப் பார்ப்பார்களே என்று பயம்.

ஆறு நாளில் ஆறு தடவை பார்த்தேன். புருஷன் குரலும் எனக்கு வந்தது, பெண்சாதி குரலும் வந்தது.

4

அம்மாவுக்கு அப்போது கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. காய் பொறுக்குவது என்றால் சுளகில், அதாவது முறத்தில், கொட்டி, காம்பு கிள்ளி, நல்ல பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று தள்ள வேண்டும். அம்மாவுக்குப் பச்சையும் வெளுப்பும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை அவள் குவியலில் கையை விட்டு அளைந்து பார்த்துவிட்டு, "இப்படிக் கலந்து கெடந்தா யாவாரி எம்மூஞ்சியிலதான் எறிவான். தீவாளி வரைக்கும் பாப்பேன். அப்புறம் நீ வீட்டுச் சோலியப் பாத்துக்கிறலாம்" என்று எல்லார் எதிரிலும் சொன்னாராம்.

மறுநாள் காலையில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். "லீவுதான, பக்கத்துல ஒக்காந்து ரெண்டு காயத் தள்ளிவிடு" என்றாள். அவள் குவியலை நான்தான் பிரித்தேன். அவள் கை அசைந்துகொண்டே இருக்கும், பார்க்கிறவர்களுக்கு அவள் செய்வது போலத் தோன்றும்.

எங்களுக்கு எதிரே குருவம்மா அக்கா உட்கார்ந்திருப்பாள். வாய் ஓயாதவள். "ஏத்தா செல்லத்தாயி, தெனம் ஓசியில படம் பாக்குறியாமே. எங்களுக்கும் ஒரு காச்சி ஓட்டு" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வெக்கத்தப் பாரு. மாப்ள வீட்டுக்காரனா வந்து நிக்கிறான் இங்க? மூஞ்சிய மறச்சுக்கிட்டாவது சொல்லு புள்ள."

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியாது. காலிச் சுளகு ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். முகம் மறைந்ததும் குரல் வந்துவிட்டது.

"எருமை எங்கே?" என்றேன் பெண்சாதி குரலில்.

"இதுதான் எருமை. வயிற்றை அமுக்கினால் கத்தும்" என்றேன் புருஷன் குரலில்.

"பால்?"

"அது வேறே ராகம். இன்னும் கற்றுக்கொள்ளவில்லை."

"கன்றுக்குட்டி?"

"பின்னால் வாசித்துக்கொண்டே வருகிறது."

குருவம்மா அக்கா மடியில் இருந்த காயெல்லாம் சிந்தச் சிந்தச் சிரித்தாள். கிட்டங்கி முழுக்கச் சிரிப்பு. அம்மா சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. சுளகை இறக்கிப் பார்த்தால் கதவோரம் கணக்கப்பிள்ளை நிற்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி அந்த ராகத்தச் சொல்லு" என்றார்.

அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே அத்தனை குவியலும் முடிந்தது. கணக்கப்பிள்ளை அம்மாவை ஜன்னலோரம் நல்ல இடமாகப் பார்த்து மாற்றி உட்கார வைத்தார். "நாளைக்கும் இந்தப் புள்ளயக் கூட்டிட்டு வா. இவ இருந்தா பொம்பளைக எந்திரிச்சு எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போகமாட்டேங்குறாக" என்றார்.

சாயங்காலம் கொட்டகை, பகலில் கிட்டங்கி. முந்தின நாள் பார்த்ததை மறுநாள் ஓட்டுவேன். ஒரு பாட்டையும் பாடச் சொன்னார்கள், பாடினேன். என் வாழ்நாளிலேயே அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதை மறைத்துச் சொல்லக் கூடாது.

5

லீவு முடிகிற சமயத்தில் சரஸ்வதி பூஜை வந்தது. கிட்டங்கியில் தராசு, சல்லடை, சுளகு, கத்தரி, லாரிச் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துப் பெரிதாகக் கும்பிடுவார்கள். அம்மா என் தமிழ்ப் புத்தகத்தையும் சிலேட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுல வச்சா ஒரு பிடி பொரிகடல. அங்க வச்சா தேங்கா, பழம், சுண்டல்னு கெடக்கும். சாமிக்கும் நெறவா இருக்கும்" என்றாள்.

அங்கே வேலை செய்கிறவர்கள் யாரும் புத்தகம் கொண்டுவந்து வைத்ததில்லை. கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே வாங்கி அடியில் வைத்தார். மேலே சல்லடைகள், அதற்கும் மேலே பெரிய தராசுத் தட்டு.

மறுநாள் விஜயதசமி. கும்பிட்டு வைத்ததை எடுத்து ஒரு தடவையாவது அந்த வேலையைச் செய்ய வேண்டும். அன்றைக்கு முதலில் எதில் கை வைக்கிறோமோ அது வருஷம் பூராவும் விளங்கும் என்பார்கள். காலையில் போனோம். தராசுத் தட்டை முதலாளி வந்துதான் எடுக்க வேண்டுமாம். அவர் வரவில்லை. என் புத்தகம் அடியில் கிடந்தது. கணக்கப்பிள்ளை ஒவ்வொருத்தருக்கும் சுளகில் ஒரு பிடி காய் போட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தவர், என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். பெரியவர் கொடுக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"அடி ஆத்தி, புத்தகத்தத் தொடாம சுளகத் தொட்டுட்டாளே" என்றாள் அம்மா.

"சரசுவதியே பாத்து சோலி போட்டுக் குடுத்துட்டா. இனி வாத்தியாருக்கு வேல மிச்சம்" என்றாள் குருவம்மா அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புத்தகம் மத்தியானத்துக்கு மேல்தான் கைக்கு வந்தது. சிலேட்டில் சந்தனம் காய்ந்து போயிருந்தது.

6

பள்ளிக்கூடம் திறந்தார்கள். "நாலு நாளு கழிச்சுப் போலாம்ல" என்றாள் அம்மா. நாலு நாள் போனது. தீபாவளி போகட்டும் என்றாள். தீபாவளியும் போனது. ஒவ்வொரு காலையிலும் நான் பையை எடுத்து வைப்பேன், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள், நான் பையை வைத்துவிட்டு அவளோடு நடப்பேன். வழியில் பள்ளிக்கூட மணி கேட்டால் இருவருமே வேகமாக நடப்போம்.

ஒரு நாள் எங்கள் டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு கிட்டங்கி வாசலுக்கே வந்துவிட்டார். அம்மா எழுந்து போனாள். நானும் பின்னால் போய் நின்றேன்.

"நல்லாப் படிக்கிற பிள்ளைம்மா. அஞ்சாவதையாவது முடிக்கட்டும்."

"அனுப்புறேன் டீச்சர். நாங்க என்ன செய்ய, விஜயதசமி அன்னைக்கு அவ கையில சாமி சுளகக் குடுத்துருச்சு" என்றாள் அம்மா.

டீச்சர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு செல்லத்தாயி. உனக்கு வரணுமா, வேண்டாமா?"

வரணும் என்று ஒரு வார்த்தை. நூறு பெண்கள் எதிரே இரண்டு குரலில் பேசிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அம்மாவின் கண்ணைப் பற்றி டீச்சருக்குத் தெரியாது. நான் வந்துவிட்டால் ஜன்னலோரத்து இடம் போய்விடும் என்பதும் தெரியாது. அதையெல்லாம் சொல்ல வேண்டாம், வரணும் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நான் என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டீச்சர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சரிம்மா" என்று சொல்லிக் குடையை விரித்தார்.

அம்மாவைக் குறை சொல்லி இதை நான் எழுதவில்லை. அந்த வேலையில்தான் தம்பிகள் இருவரும் படித்து ஆளானார்கள். அவளுக்கும் சாமி மேல் போட்டுவிட ஒரு சாக்கு தேவைப்பட்டது. கலியாணம் ஆகிப் போகிறவரைக்கும் நான் அந்தக் கிட்டங்கியில் இருந்தேன். ஆனால் டீச்சர் கேட்டதற்குப் பதில் சொல்லாதது மட்டும் இத்தனை வருஷமும் நெஞ்சுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது.

7

இதுவரை எழுதி வைத்திருந்தபோதுதான், லீவின் இரண்டாவது வாரம், வாணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிரசவ லீவு முடிந்து அவள் ஆபீசுக்குத் திரும்பிப் போக வேண்டும். நிலாவின் தம்பி, சின்னவனுக்கு இப்போதுதான் ஒரு வயது. பிள்ளைகள் காப்பகத்தில் ஜனவரிக்குத்தான் இடம் கிடைக்குமாம். மாப்பிள்ளை விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போகிறவர்.

"மத்த நாள்ல நீ எப்படியும் வீட்டுலதான் இருக்கே. செவ்வாயும் வியாழனும் மட்டும் கிளாஸ விட்டுடும்மா. ஒரு டெர்ம்தான். ஜனவரிக்கு அப்புறம் போய்க்கலாம்."

நான் மடியில் இருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நீ குரல் மாத்திப் பேசிக் காட்டினாதான் அவன் சிரிச்சுக்கிட்டே சாப்பிடுறான். நான் ஊட்டினா துப்புறான். பாத்தேல்ல."

பார்த்தேன். அன்றைக்குக் காலையில்கூட ஊட்டினேன். எருமை மாதிரி கத்திக் காட்டியதும் வாயைத் திறந்தான், இரண்டு பல்லைக் காட்டிக்கொண்டு. ஒரு வாய் உள்ளே போனது. நிலாகூடத் திரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் பயமாக இருந்தது.

வாணி என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தேன். நிலாவோடு ஒரு முழுப் படம் பார்த்தேன், ஒரு காட்சியும் மனதில் நிற்கவில்லை. நிலா ஒரு பாட்டுப் போட்டாள். அது முடிகிற வரைக்கும் நின்றேன். முடிந்ததும் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் அடுத்ததைப் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வாணி அடுப்படியில் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். மறைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"வாணி, நான் வகுப்ப விட மாட்டேன்."

"என்னம்மா திடீர்னு? அப்ப பிள்ளைய யாரு பாப்பா?"

"தெரியல. மத்த நாள் நான் பாக்குறேன். செவ்வாயும் வியாழனும் நான் போறேன்."

"இந்த வயசுல இங்கிலீஷ் படிச்சு என்னம்மா பண்ணப் போறே?"

"அதுவும் தெரியல."

"அப்புறம்?"

"எனக்குப் போகணும்" என்றேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நான் அவளிடம் இது வேண்டும் என்று எதையும் கேட்டதில்லை. அவள் போட்டு முடித்த சட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். திங்கட்கிழமை அவள் ஆபீஸ் போனாள், நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் வந்து, சாப்பிட்டானா என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டான் என்றேன்.

8

செவ்வாய்க்கிழமை காலை. வாணி ஆபீஸ் உடுப்பு போட்டுக்கொண்டு நடைக்கு வந்தாள். நானும் குளித்து, நல்ல சேலை கட்டி, நோட்டையும் கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செருப்பை மாட்டினோம். சின்னவன் எங்கள் நடுவில் தரையில் உட்கார்ந்து அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். எங்கேயோ போகப் போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினான்.

இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை கையைத் தூக்கி நான் குனியாமல் இருந்ததில்லை. முதுகு தானாகவே வளைந்தது. பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் உதடு பிதுங்கியது. அழப் போகிறான். நான் அசையவில்லை.

வாணி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு தோளில் மாட்டியிருந்த பையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மறு கையால் போனை எடுத்து, இன்றைக்குக் காலை வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று இங்கிலீஷில் யாரிடமோ சொன்னாள். முழுதும் எனக்குப் புரிந்தது.

"எத்தன மணிக்கும்மா முடியுது?" என்று கேட்டாள்.

"பன்னெண்டுக்கு" என்றேன்.

அவள் மனசு மாறுவதற்குள், திரும்பிப் பார்க்காமல் வெரசாக நடந்தேன்.